கல்யாணத்தோடு வந்த தடிப்பு

சிலருக்கு இறால் ஆகாது, சிலருக்கு முட்டை ஆகாது. என் கணவருக்கு நான் ஆகாது என்று அவருடைய சித்தி கண்டுபிடித்தார்கள்.

அதற்கு அவர்களிடம் ஆதாரம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை பிள்ளை உடம்பில் ஒரு தடிப்பு கிடையாது. கல்யாணம் முடிந்து தூத்துக்குடியில் தனிக்குடித்தனம் வந்த பிறகு திடீர் திடீரென்று முகம் சிவக்கிறது, காது எரிகிறது, கழுத்திலும் முதுகிலும் தட்டுத் தட்டாகத் தடித்து அரிக்கிறது. இடையில் வீட்டுக்குப் புதிதாக வந்தது என்ன என்று யோசித்தால் நான்தான் வந்திருக்கிறேன்.

“எங்க அக்கா மவனுக்கு ஒரு கொசுக்கடி தடிச்சுப் பாத்ததில்ல. இவ வந்தா, தடிப்பும் வந்துட்டு” என்று ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சித்தி சொன்னார்கள். சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கேலிக்கு இன்னும் வசதியாக, ஒவ்வாமைதான் என் பிழைப்பு. தூத்துக்குடியில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இறால் உரிக்கும் கம்பெனிகளில் சில பெண்களுக்கு மட்டும் ஏன் கை தடிக்கிறது, நண்டு வேகிற ஆவி பட்டால் சிலருக்கு மட்டும் ஏன் மூச்சு இழுக்கிறது, அதே மேசையில் பக்கத்தில் நிற்கிறவள் எப்படி ஊர்க்கதை பேசிக்கொண்டே உரித்துத் தள்ளுகிறாள் என்பதெல்லாம் எங்கள் ஆராய்ச்சி. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். இறாலின் தசையில் உள்ள ஒரு புரதத்தைச் சிலருடைய உடம்பு எதிரி என்று எண்ணிக்கொள்கிறது. அதைப் பிடிப்பதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து, தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கிற மாஸ்ட் செல்களின் மேல் காவலுக்கு உட்கார வைக்கிறது. அடுத்த முறை இறால் உள்ளே வந்ததும் காவல்காரர்கள் கூச்சல் போட, மாஸ்ட் செல் தன் மடியில் கட்டி வைத்திருந்த ஹிஸ்டமினை அவிழ்த்துக் கொட்டிவிடுகிறது. சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம் அந்த ஹிஸ்டமின் செய்கிற வேலை. இறால் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

ஊரில் யாருக்கு எதனால் அரிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவளின் புருஷன் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நின்றால், உலகம் சும்மா இருக்குமா? ஆய்வகத்தில் கூடச் சிரித்தார்கள்.

என் ஊர் நாசரேத். அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். என் கணவருக்குக் குலசேகரன்பட்டினம், சுருக்கமாகக் குலசை; அவருடைய அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தவர், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். எங்கள் சொந்தத்துக்குள் பாதிப் பேர் கோயிலுக்கும் பாதிப் பேர் சர்ச்சுக்கும் போகிறவர்கள்தான், அதனால் அதில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. பெண் பார்க்க வந்தபோது அவர்கள் பக்கம் கவலைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு. எனக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாது. எங்கள் வீட்டுச் சமையல் பள்ளிக்கூட மணியை ஒட்டி நடக்கும்; பருப்பு, முட்டை, ஒரு பொரியல், ஓட்டம். ஒரு மீன் துண்டிலிருந்து புரதத்தைப் பிரித்து எடுத்துத் தருவேன், அதே துண்டைப் புளியில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது.

“புள்ள மெலிஞ்சு போவான்” என்று அத்தை, அதாவது என் மாமியார், கல்யாண மேடையிலேயே யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. மெலிய விடக்கூடாது என்று அவர்கள் செய்த ஏற்பாடுதான் மாசித் துவையல்.

மாசி என்பது சூரை மீனை வேகவைத்து, புகை காட்டி, விறகுக் கட்டை மாதிரி ஆகிற வரைக்கும் காயவைத்தது. அதை இடித்துத் தூளாக்கி, வற்றல் மிளகாய், தேங்காய், சின்ன வெங்காயம் வைத்து அம்மியில் அரைத்தால், மற்றவர்கள் சோற்றைக் கூடுதலாகக் கேட்பார்கள். நான் கேட்க மாட்டேன். நாள் முழுக்க ஆய்வகத்தில் மீன் வாடையில் இருந்துவிட்டு வீட்டிலும் அதைத் தேட என்னால் முடியாது. அத்தை சனிக்கிழமைதோறும் ஒரு தூக்குச்சட்டி நிறையத் துவையல் அரைத்து, துணியால் வாய் கட்டி, தூத்துக்குடி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பாதிச் சாமான் இப்படித்தான் பயணம் செய்கிறது. கண்டக்டர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், “அண்ணாச்சி, குலசைப் பார்சல் வந்திருக்கு” என்று போன் போடுவார். என் கணவர் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கப்பல் சரக்கு எத்தனை நாள் கிடந்தாலும் பதறாதவர், இந்தப் பார்சலுக்கு மட்டும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

முதல் தடிப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தை கொடுத்துவிட்ட மாசித் தூளைத் தூவிய கத்தரிக்காய்க் கூட்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தவருக்கு, கை கழுவி முடிப்பதற்குள் காது இரண்டும் சிவந்துவிட்டன. போனில் விவரம் கேட்ட அத்தை ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “கத்தரிக்கா! அது கரப்பான் பண்டம்லா, தின்னா அரிக்கும். அவனுக்கு யாருளா கத்தரிக்கா குடுத்தது?” அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாட்டில் எவனுக்கு எங்கே அரித்தாலும் முதல் குற்றவாளி கத்தரிக்காய்தான், விசாரணை எல்லாம் கிடையாது. நானும், படித்தவள், ஒவ்வாமை ஆராய்ச்சி செய்கிறவள், சரி என்று கத்தரிக்காயை நிறுத்தினேன்.

தடிப்பு நிற்கவில்லை. இறாலை நிறுத்தினோம். நண்டை நிறுத்தினோம். அவருடைய அலுவலக நண்பர் முட்டை என்றார், எதிர்வீட்டு அக்கா கடலை மிட்டாய் என்றார்கள், என் அம்மா சோப்பு என்றார்கள். ஒவ்வொன்றாக வெளியே போய், கடைசியில் அவர் தட்டில் சோறு, மோர், இட்லி மட்டும் மிஞ்சியது. இந்தக் கொடுமையைக் கேள்விப்பட்ட அத்தை, பிள்ளை வேறு எதை வைத்துத்தான் சாப்பிடுவான் என்று தூக்குச்சட்டியைப் பெரிதாக்கினார்கள். அவரும் காலையில் பழைய சோற்றுக்கு ஒரு உருண்டை, ராத்திரி மோர்ச்சோற்றுக்கு ஒரு உருண்டை என்று துவையலைக் கொண்டே உயிர் வாழ்ந்தார். வாரா வாரம் தடிப்பு கூடிக்கொண்டே போனது. தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்துகொண்டன. வீட்டில் விலக்குவதற்கு வேறு ஒன்றும் இல்லை என்றான கட்டத்தில்தான் சித்தி என்னைக் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் ஆராய்ச்சிக்கு ஒப்பிட்டுப் பார்க்க, இறால் கம்பெனிப் பக்கமே போகாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். இவரைச் சேர்த்துக்கொண்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற ஆசை. முன்கையில் பேனாவால் வரிசையாக அடையாளம் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பொருளின் சாற்றை ஒரு துளி வைத்து, ஊசி நுனியால் லேசாகக் குத்துவது முறை. எது ஆகாதோ அந்த இடம் கொஞ்ச நேரத்தில் கொசு கடித்த மாதிரித் தடிக்கும். இறால், நண்டு, மீன், முட்டை, கடலை, வீட்டுத் தூசியில் இருக்கும் சிறு பூச்சி எல்லாம் வைத்தோம். அத்தையின் மரியாதைக்காக ஒரு பச்சைக் கத்தரிக்காயையும் குத்தி, அந்த ஊசியால் கையிலும் குத்தினோம். கடைசியில் இரண்டு துளிகள் உண்டு. ஒன்று வெறும் உப்புநீர், அது யாருக்கும் தடிக்கக் கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், அது எல்லாருக்கும் தடித்தே ஆக வேண்டும்.

முதல் தடவை அவர் கையில் எதுவுமே தடிக்கவில்லை. ஹிஸ்டமின் கூட. எங்கள் குழுவின் டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்கள்.

“சார், அரிப்பு மாத்திரை ஏதும் போட்டீங்களா?”

“நேத்து ஒண்ணே ஒண்ணு போட்டேன் மேடம். இங்கன வந்து எல்லார் முன்னாடியும் தடிச்சா அசிங்கமா இருக்கும்லா.”

மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள். அன்று ஆய்வகத்தில் நான் தலையை நிமிர்த்தவே இல்லை. பரிசோதனைக்கு வருகிற இறால் கம்பெனிப் பெண்கள் ஒருவர்கூட இப்படிச் செய்ததில்லை.

மறுபடி வந்தபோது ஒழுங்காக வந்தார். இறால், நண்டு, மீன், முட்டை, கடலை, தூசி, எல்லாம் அமைதி. கத்தரிக்காய் இருந்த இடம் பச்சைப்பிள்ளை கன்னம் மாதிரி இருந்தது. ஹிஸ்டமின் மட்டும் புடைத்து நின்றது.

“இந்தா, இதுதான்” என்று அவர் அதைத் தொட்டுக் காட்டினார். “இதுதான் எனக்கு ஆகாது.”

“இது சாப்பாடு இல்லங்க, ஹிஸ்டமின். எல்லாருக்கும் தடிக்கும்.”

“எல்லாருக்கும் தடிக்கட்டும். எனக்கும் தடிச்சிருக்குல்லா? இத நம்ம வீட்டுக்குள்ள விடாத, சொல்லிட்டேன்.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குப்பிகளை எடுத்து வைத்தேன். டாக்டரம்மா கை கழுவப் போனதும் அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, கையில் காலியாக இருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

“எல்லாத்தையும் வச்சிட்டிய. சித்தி சொன்னத வைக்கலியே” என்று என் விரலைப் பிடித்து அந்த வட்டத்துக்குள் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடிக்கவில்லை. ஆனால் இந்த முடிவை நான் சித்தியிடம் கொண்டுபோய் நீட்ட முடியாது.

எங்கள் அறைக்கு அடுத்த அறையில் ஏற்றுமதி மீனைச் சோதிக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை, அங்கே வேலை பார்க்கும் அக்கா மீன் வியாபாரி ஒருவரிடம் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய சூரை மீன் தேறவில்லை. அவர் எப்படியாவது தேற்றித் தரச் சொல்லிக் கேட்டிருப்பார் போல.

“இல்ல அண்ணாச்சி, வேகவச்சாலும் போவாது. புடிச்ச உடனே ஐஸ் போடாம படகுல வெயில்ல கெடந்திருக்கு, அப்பவே ஹிஸ்டமின் ஊறிப்போச்சு. ஊறுனது ஊறுனதுதான். பொரிச்சாலும் போவாது, காயவச்சாலும் போவாது. பாத்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. எங்கிட்ட சண்ட போட்டு என்ன செய்ய?”

இந்தப் பேச்சை அந்தச் சுவர் வழியாக நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். காதில் விழும், உள்ளே போகாது. அன்று என் பையில், குலசைக்குத் திருப்பி அனுப்பக் கழுவி வைத்த தூக்குச்சட்டி இருந்தது. சூரை. வேகவைத்தது. காயவைத்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து வந்த துவையலிலிருந்து ஒரு கரண்டியைத் திங்கட்கிழமை கொண்டுபோய் அந்த அக்காவிடம் கொடுத்தேன். ஹிஸ்டமினை அளக்க அங்கே குழி குழியாக ஒரு சோதனைத் தட்டு உண்டு; ஹிஸ்டமின் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குக் குழியில் நிறம் மங்கும். என் மாமியாரின் துவையல் இருந்த குழியில் நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்தக் கம்பெனிச் சரக்கு?” என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுச் சரக்கு என்றேன்.

எல்லாம் விளங்கியது. இவருக்கு ஒவ்வாமையே கிடையாது. அவர் உடம்பு யாரையும் எதிரியாக நினைக்கவில்லை, காவல்காரர் எவரும் கூச்சல் போடவில்லை. மாஸ்ட் செல் செய்ய வேண்டிய வேலையை மீன் முன்கூட்டியே செய்து முடித்திருந்தது. ஹிஸ்டமின் தயாராக, துணியால் வாய் கட்டி, சனிக்கிழமை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. ‘இத நம்ம வீட்டுக்குள்ள விடாத’ என்று அவர் கேலியாகச் சொன்னபோது அது எங்கள் அடுப்படி அலமாரியில்தான் இருந்தது.

சித்தியின் கணக்கிலும் பிழை இல்லை. கல்யாணத்தோடு வந்ததுதான். கடைக்காரக் குடும்பத்துக்குக் கால் கிலோ வாங்கிப் பழக்கமில்லை. கடை போன பிறகும் கை மூட்டைக் கணக்கில்தான் வாங்கும். மறுவீட்டு விருந்துக்கென்று ஒரு மூட்டை மாசி மலிவாக வாங்கினார்கள். விருந்தில் ஆளுக்கு ஒரு சிட்டிகை போனது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மிச்சம் கிடந்த மூட்டையை அத்தை மகனுக்கென்று எடுத்து வைத்தார்கள். தான் ஒரு துணுக்கு கூட வாயில் போடவில்லை. அதனால்தான் அவர்களுக்கு ஒரு நாளும் அரிக்கவில்லை.

அன்று மாலை இவரிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். நான் குற்றவாளி இல்லை என்று நிரூபித்துவிட்டேன், ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது. அவரோ அலமாரியிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்துவிட்டு, “எங்கம்மாட்ட சொல்லாத” என்றார்.

“ஏன்?”

“அவ வாரம் பூரா இதுக்குத்தான் இருக்கா. தேங்காய் பாத்து வாங்குதா, மொளகா பாத்து வாங்குதா, சனிக்கிழம வெள்ளனயே எந்திச்சு அரைக்கா. ஒங்கையாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு நான் எப்படிச் சொல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. ‘உங்கள் அம்மா மனசு நோகக் கூடாது, நான் மட்டும் பந்திக்குப் பந்தி சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டுமா’ என்று கேட்க வாய் வரை வந்தது. அந்தச் சின்ன ஊரில், பெரிய வீட்டில், அம்மி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் அத்தையை நினைத்ததும் கேட்கவில்லை.

ஆகவே துவையல் வந்தது, இவர் ஓடிப்போய் வாங்கினார், நான் அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் உறைபெட்டியில் வைத்தேன். அம்மா கொடுத்ததைக் குப்பையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. மாதிரிகள் வைக்கும் தட்டுகளில் மாமியார் தட்டு என்றே ஒன்று உருவானது.

தடிப்பு போன இடம் தெரியவில்லை. உடனே உரிமை கொண்டாட ஆட்கள் வந்தார்கள். குலசை அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், அதனால் போனது என்றார்கள் அத்தை. ஜெபக்கூட்டத்தில் சொல்லி ஜெபித்தோம், அதனால் போனது என்றார்கள் என் அம்மா. இரண்டு பேருக்கும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். சித்தியின் விளக்கம்தான் என்னை அசர வைத்தது. “கொஞ்சங் கொஞ்சமா அவன் ஒடம்பு இவளுக்குப் பழகிட்டு” என்றார்களாம். ஆகாத பொருளைச் சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை ஒன்று நிஜமாகவே உண்டு. சித்தி எந்த ஆய்வகத்துக்கும் போகாமல் அதைக் கண்டுபிடித்து, என்னை வைத்தே நிரூபித்தும்விட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். சித்தியின் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. மகனுக்குக் குணமான சந்தோஷத்தில், விருந்துக்கு அரைக்கும் தேங்காய்ச் சம்பலுக்கு மாசி தன் பொறுப்பு என்று அத்தை அந்த மூட்டையைத் தூக்கிக் கொடுக்கப் போவதாகப் போனில் சொன்னார்கள். “சிட்டிகையா போடக்கூடாதுளா, நல்லா அள்ளிப் போடணும். பிள்ளைகள்லாம் வரும்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் நான் மட்டும் குலசைக்குப் போனேன்.

அடுப்படியில் அத்தை மூட்டையைப் பிரித்து, நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மீன் வெயிலில் கிடந்ததைச் சொன்னேன், அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது என்று சொன்னேன், கத்தரிக்காயும் இல்லை, இறாலும் இல்லை என்று சொன்னேன். எவ்வளவு சுற்றி வளைத்தாலும் கடைசியில் அந்தத் தூக்குச்சட்டியில் வந்துதான் நின்றது.

“படகுலயே கெட்டது அத்தை. உங்க கைல ஒண்ணும் இல்ல” என்றேன்.

அத்தை கையிலிருந்த துண்டை மூட்டைக்குள் போட்டார்கள்.

“நான் தெனமும் போன் போட்டுக் கேப்பேனேளா, தொவையல் தின்னியான்னு” என்றார்கள். “‘தின்னேம்மா’ம்பான். ‘இன்னுங் கொஞ்சம் வச்சுத் தின்னுலே’ம்பேன்.”

இத்தனை நாள் சுமந்த வழக்கில் ஜெயித்துவிட்டேன், ஆனால் அந்த நேரம் தோற்றிருந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. “ஊருக்குக் கத்தரிக்காய்னே சொல்லிக்கிடுவோம் அத்தை. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்” என்றேன். அவர்கள் எழுந்து, மூட்டையைத் தானே பின்வாசலுக்கு இழுத்துப்போய், அதைப் புதைக்கத் தென்னை மரத்தடியில் குழி வெட்டச் சொன்னார்கள். நான் வெட்டினேன்.

காதுகுத்து அன்று பந்தியில் சித்தி சம்பலை வாயில் வைத்ததுமே கேட்டார்கள். “என்னக்கா, மாசி ஒன் பொறுப்புன்ன? தேங்காயத் தவுத்து ஒண்ணையுங் காணோமே.” அப்படியே என் பக்கம் திரும்பி, “ஏளா, ஒம் புருசனுக்கு இப்ப ஒன்னைய ஒத்துக்கிடுதா?” என்று கண்ணைச் சிமிட்டினார்கள். வரிசை முழுக்கச் சிரிக்கத் தயாரானது. நான் கத்தரிக்காய் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அத்தை அப்பளக் கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள். கூடையைப் பந்தியின் நடுவில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

“அவ இல்ல. நான்தான்” என்றார்கள். “நான் குடுத்துவிட்ட மாசிதான் எம் புள்ளைக்கு ஆகாமப் போச்சு. கெட்ட மாசி. கல்யாணத்துக்கு வாங்கினேம்லா, அந்த மூட்ட. இவதான் கண்டுபுடிச்சா. இன்னைக்கு அத உங்க இலையில போடாமத் தடுத்ததும் இவதான். இனிமே எவளாவது எம் மருமவளச் சொன்னியோ, பாத்துக்கோ.”

யாரும் சிரிக்கவில்லை. சித்தி வாயில் இருந்த சம்பலை விழுங்கிவிட்டு, “அப்ப கத்தரிக்கா என்னத்துக்குப் பழி சுமந்துச்சு?” என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் எல்லாரும் சிரித்தார்கள், அத்தையைத் தவிர. அத்தை அப்பளம் வைக்கப் போய்விட்டார்கள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இந்த முறை குழாயைத் திறந்துவிட வசதி இல்லை.

சாயங்காலம் எங்களைப் பஸ் ஏற்றிவிட அத்தையும் வந்தார்கள். வெறும் கையோடு நின்றது அவர்களுக்கே பழக்கமில்லாமல், சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்கள். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்கள்.

“இனிமே சனிக்கிழமைக்கு நான் என்னத்தளா குடுத்துவிட?”

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீங்களே வாங்க அத்தை” என்றேன். “எனக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாது.”

தனிக்குடித்தனம் வைத்ததிலிருந்து அவர்கள் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறோம், மாடியில் இருக்கிற வீடு எனக்குச் சரிப்படாது என்பார்கள். இப்போதும் அதையே சொன்னார்கள். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.

சனிக்கிழமை காலை கண்டக்டரிடமிருந்து போன் வந்தது. “அண்ணாச்சி, குலசைப் பார்சல் வந்திருக்கு. சீக்கிரம் வாங்க, ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கு.” இருவரும் ஓடினோம். அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு மஞ்சள் பை நிறையக் கத்தரிக்காயை அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

மீன் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். அதெல்லாம் போதாது என்று, “ஐஸ் எப்பம் போட்ட? புடிச்ச உடனேயா, கரைக்கு வந்தா?” என்று விற்கிறவளைக் கேள்வி கேட்டு உலுக்கி எடுத்தார்கள். அவள் என்னைப் பார்த்து, உங்கள் மாமியார் மீன் ஆபீசரா என்று கேட்டாள். குழம்பை அத்தை வைக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னை வைக்கச் சொன்னார்கள். புளி கூடிவிட்டது, உப்பு குறைந்துவிட்டது, மீன் பாதி உடைந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்து கொஞ்ச நேரம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு முன்கையை நீட்டி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். நான் பயந்துபோய் அருகில் ஓடினேன்.

“ஒண்ணும் தடிக்கலளா” என்றார்கள்.